முதலில் நம் மொட்டைமாடிக்குக் கொண்டு வாருங்கள்

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், தாம்பரம் வட்டாரத்தில் குறும்படம் எடுக்கும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் ஜி.எஸ்.டி. சாலையோரத் தேநீர்க் கடையில் உங்களில் ஒருவர் என்னிடம் கைப்பேசியை நீட்டினார். அவருடைய பதினொரு நிமிடக் குறும்படத்தின் போஸ்டர். நாயகியின் நெற்றி மறையும் அளவுக்கு அதன்மேல் விழா விருதுகளின் இலைச் சின்னங்கள். எண்ணினேன், இருபத்து மூன்று இருந்தன. சிறந்த படம், சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த மொபைல் படம், சிறந்த கருத்து என்று நீண்டது பட்டியல். "இதில் எத்தனை ஊரில் படத்தைத் திரையில் போட்டார்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அது தெரியலண்ணா. சர்ட்டிபிகேட் மெயில்ல வந்துச்சு" என்றார். "நீங்க யாரோடயாவது உட்கார்ந்து பார்த்தீங்களா?" என்றேன். "இன்னும் இல்லண்ணா" என்றார்.

இருபத்து மூன்று விருது வாங்கிய படத்தை இருபத்து மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதே வாசலில் ஏமாந்து நின்றவன் நான். 2017-ல் ஓர் இரவுக் காவலாளியைப் பற்றிப் பதினான்கு நிமிடப் படம் எடுத்தேன். சாலிகிராமத்தில் எடிட்டிங் வேலை பார்த்துக்கொண்டே, இரவில் இங்கே வந்து எடுத்த படம். முடிந்ததும் இணையத்தில் கண்ணில் பட்ட ஒரு "சர்வதேச விழா"வுக்குப் பணம் கட்டி அனுப்பினேன். பத்தே நாளில் தேர்வானதாகச் செய்தி வந்தது. இன்னும் ஒரு வாரத்தில் விருது. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு, கேடயம் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டச் சொல்லி ஒரு கடிதம். அதையும் கட்டினேன். விழா எந்த அரங்கில் நடக்கிறது, டிக்கெட் போட்டு வரலாமா என்று கேட்டு மூன்று முறை எழுதினேன். பதிலே இல்லை. நான் அனுப்பிய இணைப்பில், படத்தை எத்தனை முறை ஓடவிட்டார்கள் என்று பார்க்கும் வசதி இருந்தது. அதில் இருந்த எண் பூஜ்யம். படத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எனக்கு விருது கொடுத்திருந்தார்கள். அந்தக் கேடயம் இன்றும் அலமாரியில் இருக்கிறது. அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆனது.

நீங்கள் ஏன் பணம் கட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேலைக்குப் போகாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறான் என்று வீட்டில் பேச்சு. அந்த வாயை அடைக்க ஒரு தாள் வேண்டும். தயாரிப்பு அலுவலகத்துக்குக் கதை சொல்லப் போனால், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே "எத்தனை அவார்டு?" என்று கேட்கிறார்கள். அங்கே சொல்ல ஓர் எண் வேண்டும். உங்கள் கூச்சத்தையும் அவசரத்தையும் மூலதனமாக வைத்து நடப்பதுதான் இந்த வியாபாரம். மாதாமாதம் ஒரு விழா, நூற்றுக்கணக்கில் பிரிவுகள், பிரிவுக்கு ஒரு கட்டணம், சான்றிதழுக்கு ஒன்று, கேடயத்துக்கு ஒன்று. தோற்பவர் யாருமே இல்லாத போட்டியில் கிடைக்கும் வெற்றிக்கு என்ன மதிப்பு? தயாரிப்பாளர்களுக்கும் இது எப்போதோ தெரிந்துவிட்டது. அந்த இலைகளைப் பார்த்ததும் அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். பாதிக்கப்படுவது, உண்மையாகவே நல்ல படம் எடுத்து உண்மையான விழாவில் தேர்வாகி வரும் உங்கள் பக்கத்துத் தெரு நண்பர். அவருடைய ஒற்றை இலையும் இந்தக் குவியலில் சேர்ந்து மதிப்பிழந்துபோகிறது.

கட்டணம் வாங்கும் விழாக்கள் எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய விழாக்களில் பலவும் நுழைவுக் கட்டணம் வாங்குகின்றன. ஆயிரக்கணக்கில் வரும் படங்களை உட்கார்ந்து பார்க்க ஆட்கள் வேண்டும். கையில் பணம் இல்லை என்று நேர்மையாக எழுதிக் கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் விழாக்களும் உண்டு. ஆகவே பணம் கட்டும் முன் நான்கைந்து கேள்வி கேளுங்கள். எந்த அரங்கில் நடக்கிறது? போன ஆண்டு எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்தப் படத்தைத் திரையிட்டார்கள் என்ற அட்டவணை இருக்கிறதா? தேர்வுக் குழுவில் யார், அவர்கள் என்ன வேலை செய்தவர்கள்? போன ஆண்டு தேர்வான இயக்குநர் ஒருவரிடம் பேச முடியுமா? விருது கிடைத்த பிறகும் பணம் கேட்கிறார்களா? இதற்கெல்லாம் நேரான பதில் வராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

ஒரு படம் எப்படி வழி திறக்கிறது என்பதை நம் ஆட்களின் கதையிலிருந்தே சொல்கிறேன். எம். மணிகண்டன் 'விண்ட்' என்று ஒரு குறும்படம் எடுத்தார். அதை வெற்றிமாறன் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து பிறந்தது 'காக்கா முட்டை'. 2014-ல் டொராண்டோ விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, தேசிய விருது பெற்று, 2015 ஜூனில் நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தது. ஒரு குறும்படத்தைச் சரியான ஒருவர் முழுதாகப் பார்த்ததில் அத்தனையும் தொடங்கியது.

பி.எஸ். வினோத்ராஜ் சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்தபோது உலகப் படங்களைப் பார்த்துப் பழகியவர். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட அவருடைய சகோதரி, குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு நடந்தே வந்தார். அந்த நடை வினோத்ராஜ் மனதில் தைத்தது. அதை மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில், ஓர் அப்பனும் மகனும் நடக்கும் நடையாக மாற்றி எடுத்தார். 2021-ல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது 'கூழாங்கல்'. அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. அவருடைய அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024-ல் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவுக்குப் போனது. கோவையில் அருண் கார்த்திக், திலீப்குமாரின் சிறுகதையை வைத்து, ஒரு ஜவுளிக்கடை ஊழியரின் ஒரே ஒரு நாளை 'நசீர்' என்று எடுத்தார். ராட்டர்டாம் விழாவோடு சேர்ந்த ஹூபர்ட் பால்ஸ் நிதி அதற்குக் கைகொடுத்தது. 2020-ல் அதே விழாவில் ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது கிடைத்தது. தங்கைகளே, 2025-ல் அதே நெட்பேக் விருதை 'பேட் கேர்ள்' படத்துக்காக வாங்கியவர் வர்ஷா பரத். வெற்றிமாறனிடம் உதவி இயக்குநராக இருந்தவர்.

"அவர்களெல்லாம் முழுநீளப் படம் எடுத்தவர்கள், நாங்கள் குறும்படக்காரர்கள்" என்பீர்கள். மைசூரில் மருத்துவம் படித்த சிதானந்த நாயக், புனே திரைப்படக் கல்லூரியில் ஓராண்டுப் படிப்பின் முடிவில் கன்னடத்தில் பதினாறு நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நாட்டார் கதை, சேவலைத் திருடிக்கொண்டு போகும் கிழவி. 2024-ல் கான் விழாவில் திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கான லா சினெஃப் பிரிவில் அதற்கு முதல் பரிசு. தரமணி திரைப்படக் கல்லூரியிலோ வேறு திரைப்படக் கல்லூரியிலோ படிக்கும் உங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியும்?

தெரியாதது உங்கள் தவறு ஆகாது. சொல்லித்தர இங்கே யாரும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த வாசல்களை வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலிருந்து தொடங்குவோம். 2003-லிருந்து சென்னை சர்வதேசத் திரைப்பட விழா டிசம்பரில் நடக்கிறது. அங்கே தமிழ் முழுநீளப் படங்களுக்குத் தனிப் போட்டி உண்டு. குறும்படக்காரர்கள் பார்வையாளராகவாவது போய் உட்காருங்கள். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. ஏப்ரலில் நீலம் பண்பாட்டு மையம் பி.கே. ரோஸி திரைப்பட விழாவை நடத்துகிறது. ஆர்.பி. அமுதனின் மறுபக்கம் அமைப்பு மதுரையில் 1998-லிருந்து ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது. சென்னையிலும் நடத்துகிறது. பெரிய மேடையோ சிவப்புக் கம்பளமோ அங்கே கிடையாது. படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து கேள்வி கேட்பார். நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே போகலாம்.

ரயிலில் ஓர் இரவு தூரத்தில் திருவனந்தபுரம் இருக்கிறது. கேரளச் சலச்சித்ர அகாடமி, ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் மட்டுமே 2008-லிருந்து ஒரு சர்வதேச விழாவை நடத்துகிறது. மும்பையில் இரண்டு ஆண்டுக்கொருமுறை நடக்கும் மும்பை சர்வதேச விழாவும் ஆவணப்படம், குறும்படம், அனிமேஷனுக்கானதுதான். 1990-ல் தொடங்கியது அது. இமாச்சலத்தில் தர்மசாலா விழா 2012-லிருந்து சுயாதீனப் படங்களை மதித்து வரவேற்கிறது. கடல் தாண்டினால், 2015-ல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா இருக்கிறது. உங்கள் மொழியை சப்டைட்டில் இல்லாமலே புரிந்துகொள்ளும் அரங்கம் அது. பிரான்ஸில் கிளேர்மோன்-ஃபெரான், ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் இரண்டும் குறும்படத்துக்கென்றே பல பத்தாண்டுகளாக நிற்கும் விழாக்கள். ஓபர்ஹவுசன் 1954-ல் தொடங்கியது.

கோவாவில் நவம்பரில் நடக்கும் இந்திய சர்வதேச விழாவை ஒட்டி இரண்டு வாய்ப்புகள். ஒன்று, 2021-ல் தொடங்கிய இளம் படைப்பாளிகள் தேர்வு. இயக்கம் மட்டுமல்லாமல் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்பு என்று பல துறைகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கிறார்கள். குழுக்களாகப் பிரித்து 48 மணி நேரத்தில் ஒரு குறும்படம் எடுக்க வைக்கிறார்கள். 2024-ல் நூறு பேருக்கு இடம் கொடுத்தார்கள். இன்னொன்று, 2007-லிருந்து நடக்கும் ஃபிலிம் பஜார். திரைக்கதையைச் செதுக்கும் பட்டறை, பாதி முடிந்த படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பட்டறை, கூட்டுத் தயாரிப்புக்கு ஆள் தேடும் சந்தை எல்லாம் அங்கே உண்டு. முழுநீளப் படக் கனவு உள்ளவர்கள் அதை இப்போதே கவனிக்கத் தொடங்குங்கள்.

இந்த வாசல்களில் நுழையச் சில ஒழுங்குகள் உண்டு. எடிட் முடிந்த அன்றே யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். இணையத்தில் வெளியான படத்தைப் பல விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை. ஓராண்டு பொறுங்கள். படம் முடிந்த தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய படங்களுக்கு விழாக்களில் இடமில்லை. தேசிய விருதுக்கு அனுப்ப வேண்டுமென்றால் குறும்படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். பின்னணியில் இளையராஜா பாட்டு ஒலித்தால் நமக்கு மனம் உருகும், உரிமை வாங்காத பாட்டுக்காகப் படம் திரும்பி வந்துவிடும். சப்டைட்டிலை நள்ளிரவில் அவசரமாக இயந்திரத்திடம் விடாதீர்கள். "அவன் மூஞ்சியே சரியில்ல" என்பதை முகத்தில் காயம் என்று மொழிபெயர்த்துத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிய படத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியில் அவர்கள் கதையையே தொலைத்திருப்பார்கள். ஒருவர் எழுத, மொழி தெரிந்த இன்னொருவர் படித்துத் திருத்த வேண்டும். சப்டைட்டில் எழுதுவதும் என் தொழில்தான். உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் கூலி வாங்காமல் திருத்தித் தருகிறேன்.

என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலேயே அதிகப் படம் எடுக்கும் மாநிலங்களில் ஒன்று நம்முடையது. ஆனால் கேரளத்தைப் போல அரசு அகாடமி முன்னின்று நடத்தும் குறும்பட விழா நமக்கு இன்னும் அமையவில்லை. அங்கே பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கொடுக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு ஏன் அது கிடைக்கக் கூடாது? இதைக் கேட்பது நம் உரிமை, கேட்போம். அதே சமயம் கோட்டையிலிருந்து ஆணை வரும்வரை காத்திருந்தால் உங்கள் வயது போய்விடும். பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. மாநகராட்சி ஆன பிறகும் ஓர் உலகப் படத்தை அரங்கில் பார்க்க நாம் பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி நகரத்துக்குள்தான் போக வேண்டியிருக்கிறது. கடைசி ரயிலைப் பிடிக்க, படம் முடியும் முன்பே எழுந்து ஓடியவன் நான். எத்தனையோ படங்களின் கடைசிக் காட்சி எனக்கு இன்றும் தெரியாது.

அதனால்தான் மொட்டைமாடி. என் காவலாளிப் படத்தின் கதைக்கே திரும்புகிறேன். ஏமாந்த கசப்பில் அதை மூலையில் போட்டிருந்தேன். ஒரு ஞாயிறு மாலை நண்பர் ஒருவர் புரொஜெக்டர் கொண்டுவந்தார். மாடிச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, தெருக்காரர்கள் முப்பது பேருக்குப் போட்டோம். முடிந்ததும் கீழ்வீட்டுப் பாட்டி கேட்டார்: "ஏம்ப்பா, அந்த வாட்ச்மேன் கடைசிவரைக்கும் டீயக் குடிக்கவே இல்லயே?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் குடிக்கும் காட்சியை எடுத்திருந்தேன். நீளம் என்று நானே வெட்டி எறிந்திருந்தேன். இரவெல்லாம் நின்ற மனிதன் விடியும்போது ஒரு வாய் டீ குடிப்பதில்தான் அந்தப் படம் முடிய வேண்டும் என்று, சினிமா படிக்காத அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து அந்தக் காட்சியைச் சேர்த்தேன். படம் ஒன்றரை நிமிடம் நீண்டது, அப்போதுதான் முழுமையானது. பிறகு கேரளத்தில் ஒரு சிற்றூர் விழா அதைத் தேர்ந்தெடுத்தது. நாற்பது பேர் இருந்த அரங்கில், அந்த டீக் காட்சி வந்தபோது யாரும் அசையவில்லை. அந்த அமைதிக்கு ஈடாக எந்தக் கேடயத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கதைக்கு நமக்குப் பஞ்சமா? வாடகைக்கு வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தை மட்டுமே வைத்துச் செழியன் 'டு லெட்' எடுத்து, தமிழுக்கான தேசிய விருதை வாங்கினார். அந்த அலைச்சல் நம் தெருக்களில் தினமும் நடக்கிறது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்றுகொண்டு படகுக்குக் கை காட்டியவர்கள் உங்கள் சித்தியும் பெரியப்பாவும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நெடுங்குன்றம் சாலையைக் கடந்த முதலையை நாடே கைப்பேசியில் பார்த்தது. அந்தச் சாலையில் அன்றிரவு வீடு திரும்ப வேண்டியிருந்தவரின் கதையை யார் எடுத்தீர்கள்? கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நள்ளிரவில் மூட்டையோடு வந்து இறங்கி, திசை தெரியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஏரியில் மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களை உங்களைவிட அருகில் இருந்து பார்த்தவர் வேறு யார்? நீங்கள் எனக்குக் காட்டும் படங்களில் பாதி, வேறெங்கோ நடக்கும் துப்பாக்கிக் கதைகள். ராட்டர்டாம்காரர்களுக்கு அவர்கள் ஊர்த் துப்பாக்கி போதும்.

இப்போது என் வேண்டுகோள்.

விருது விற்கும் விழாக்களுக்கு இன்றிலிருந்து பணம் கட்டுவதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பொது நிதி ஒன்று வைப்போம். அந்த ஆண்டின் சிறந்த இரண்டு மூன்று படங்களை நாமே தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு மட்டும் நல்ல சப்டைட்டில், சரியான ஒலிக்கலவை, உண்மையான விழாக்களின் கட்டணம் எல்லாவற்றையும் அந்த நிதியிலிருந்து செலவிடுவோம். உங்கள் படம் அந்த ஆண்டு தேர்வாகாவிட்டால் பக்கத்துத் தெருக்காரர் படத்துக்காக நில்லுங்கள். அடுத்த ஆண்டு அவர் உங்களுக்காக நிற்பார்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு, படத்தோடு என் வீட்டு மொட்டைமாடிக்கு வாருங்கள். மழை வந்தால் கீழ்க்கூடத்தில் போடுவோம். எடிட் முழுதாக முடிந்திருக்க வேண்டாம், முடியாமல் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் அம்மாவை அழைத்து வாருங்கள். உங்கள் படத்தில் நடித்த ஆட்டோக்கார அண்ணனையும், படப்பிடிப்புக்குச் சோறு போட்ட அத்தையையும் அழைத்து வாருங்கள். கைதட்டல் இருக்கும், அதோடு கேள்வியும் இருக்கும். நீங்கள் வாயைத் திறக்காமல் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த இருபத்து மூன்று இலைத் தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் படத்தை அன்று தேநீர்க் கடையிலேயே முழுதாகப் பார்த்தேன். ஏழாவது நிமிடத்தில், அந்தப் பெண் பேருந்துக்காகக் காத்திருக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைக்கிறாளே, அது மிக நல்ல காட்சி. அந்த விழாக்களில் ஒன்றாவது அதைப் பற்றி உங்களுக்கு ஒரு வரி எழுதியதா? வருகிற இரண்டாவது ஞாயிறு முதல் படமாக உங்கள் படத்தைத்தான் போடப்போகிறேன். கீழ்வீட்டுப் பாட்டி இன்னும் இருக்கிறார். முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஏரிக்கரைத் தெரு அண்ணன்
பீர்க்கன்கரணை